நேரில் பார்த்து வரைந்தது

காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் தம்பி, இதில் கண்ணாடி இருக்கிறது. மேலே வைக்கும்படி கண்டக்டரும் சொன்னார். பிரேக் போட்டால் கீழே வந்துவிடும், மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையில்லை, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். இந்தப் பக்கம் வெயில் இல்லை, அது போதும். எனக்கென்ன, நான் முப்பத்திரண்டு வருஷம் வெயிலில் நடந்தவன். இதற்குத்தான் ஆகாது. இதில் ஒரு நிறம் இருக்கிறது, வெயில் பட்டால் போய்விடும். ஊஞ்சக்காட்டுப் பிரிவு தாண்டித்தான் ரோடு திரும்பும், வெயில் இந்தப் பக்கம் வரும். நான் பிரிவிலேயே இறங்கிவிடுவேன்.

படம்தான். சாமி படம் இல்லை. நான் வரைந்தது, வாட்டர் கலர்.

என்ன படம் என்றால், கார். ஓடாத கார். துருப்பிடித்து, டயர் மண்ணுக்குள் இறங்கிப்போன அம்பாசிடர். நீங்கள் சிரிக்கவில்லை, நல்லது. முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள். "உலகத்துல வேற ஒண்ணும் கெடைக்கலீங்களா?" என்பார்கள். கிடைக்காமல் என்ன. ஏற்றம் போன கிணறு, கரும்பாலை, மழைக்கு முன்னால் நிற்கிற எருமை எல்லாம் வரைந்திருக்கிறேன். ஆனால் எதை வரைந்தாலும் ஓரத்தில் ஒரு துருப்பிடித்த வண்டி வந்து நின்றுவிடும்.

அதற்குக் காரணம் என் உத்தியோகம். மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற வேலை. ஒரு வீட்டுக்கு முன்னால் கோலம் இருக்கும், பின்னால் என்ன கிடக்கிறது என்று ரீடிங் எடுக்கிறவனுக்குத்தான் தெரியும். தோட்டத்து வீடுகளில் மீட்டர் பெட்டி மாட்டுச்சாளையை ஒட்டியோ மோட்டார் ரூமிலோ இருக்கும். அங்கேதான் அந்த வண்டிகளையெல்லாம் பார்த்தேன். கோழி அடைகாக்கிற ஃபியட். தேங்காய் மட்டை அடுக்கின வேன். சுரைக்கொடி ஏறி, ஸ்டியரிங்கில் சுரைக்காய் காய்த்துத் தொங்கின ஜீப். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் சாயங்காலம் கோபியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற கலர் டப்பா ஒன்று வாங்கினேன். எனக்கு நாற்பது வயது அப்போது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெடுத்த தாள்தான் சொல்லிக்கொடுத்தது.

வாட்டர் கலரில் வெள்ளை என்று ஒரு நிறத்தை நான் தொடுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். கொக்கு, வேட்டி, பல், கண்ணின் வெள்ளை, எல்லாம் வெறும் தாள்தான். ஆரம்பத்திலேயே பார்த்து விட்டுவைக்கவில்லை என்றால் அப்புறம் வராது.

துரு ஒரே நிறம் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? ஓட்டை விழுந்த இடத்தில் கருப்பாக இருக்கும். அதன் விளிம்பில் ஆரஞ்சு. பெயிண்ட் பொரிந்து நிற்கிற இடத்தில் காய்ந்த ரத்தம் மாதிரி. மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தால் ஈரச் செங்கல். ஒரே கதவில் ஏழு நிறம் எடுத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பார்க்கிறவன் நான் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வேலையில் ஒரு குறுக்கு வழி உண்டு. போன தடவை அளவைப் பார்த்து, நேரில் போகாமலே உத்தேசமாக ஒன்றை எழுதிவிடலாம். நான் ஒரு நாளும் எழுதினதில்லை. நாய் துரத்தினாலும் போய்ப் பார்ப்பேன். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை எழுதுவேன், தேதி போடுவேன், கையெழுத்துப் போடுவேன். ஏன் இவ்வளவு ஓடியிருக்கிறது, ஏன் ஓடவில்லை என்று கேட்பது என் வேலையில்லை. படத்திலும் அதே பழக்கம்தான். எல்லாப் படத்திலும் வலது மூலையில் "நேரில் பார்த்து வரைந்தது, அருணகிரி" என்று எழுதித் தேதி போட்டிருப்பேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் ஒருத்தன் பார்க்கத் தெரியாதவன் என்று சொன்னான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. என் மனைவியின் கருமாதி அன்று, இருபது இலைக்கு முன்னால் நின்று சொன்னான். அவளுடைய தம்பி. சென்னியப்பன் என்று பேர். இப்போது அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். அவன் மகள் மைதிலிக்கு இன்றைக்குக் கல்யாண உறுதி வார்த்தை, நிச்சயதார்த்தம். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இன்றைக்கும் வருவார்கள். அதற்காகத்தான் இதைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

அவசரமில்லையே உங்களுக்கு? பஸ்ஸில் என்ன அவசரம்.

ஊஞ்சக்காட்டில் அவர்களுக்கு மஞ்சள் தோட்டம். என் மாமனார் இருந்த காலத்தில் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போய்வர ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். அவர் போனபிறகு அது மஞ்சள் வேகவைக்கிற களத்துக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் நின்றுபோனது. எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் ரிட்டையர் ஆனபிறகு வருஷா வருஷம் தை பிறந்ததும் தெய்வானை அங்கே போய்விடுவாள். மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு முடிக்கிற வரைக்கும் இரண்டு மாதம் தம்பி வீட்டில்தான். ஆளுக்குச் சோறு, அடுப்புக்கு விறகு, எல்லாம் அவள் கணக்கு. நானும் கூடப் போவேன். காருக்காக.

களத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு நான்தான் வேடிக்கை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏனுங்ணா, காருக்கு எஃப்.சி. வாங்கப் போறீங்களா?"

மாராயி என்று ஒருத்தி, வாய்த்துடுக்கு. "காயலாங்கடைக்காரங்கூட இத்தன நேரம் உத்துப் பாக்க மாட்டானுங்" என்பாள்.

தெய்வானை என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். "அவரு அதையாச்சும் பாக்கட்டும், விடுடி" என்று அவர்களை அதட்டுவாள். என் பக்கம்தான் பேசுவாள் எப்போதும்.

ஒரே ஒரு தடவை கேட்டாள், "என்னையக் காட்டியும் அந்தக் கார் அழகா இருக்குதுங்களா?" என்று. "அது அசையாது" என்றேன். களமே சிரித்தது. அவளும் சிரித்தாள். நகைச்சுவை எனக்கு வராது என்பார்கள், அன்றைக்கு வந்தது.

நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி வருஷத்து மாசி. நல்ல விளைச்சல். இரண்டு கொப்பரையில் மஞ்சள் வெந்தது. களம் முழுக்க மஞ்சள். அந்த நாட்களில் அங்கே எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கும் தம்பி. கை மஞ்சள், கால் மஞ்சள், வேட்டி மஞ்சள், சென்னியப்பன் வளர்த்த வெள்ளை நாய்கூட மஞ்சள். தெய்வானை வேறு தினமும் முகத்துக்கு மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நான் காரைப் பின்கதவுப் பக்கமிருந்து வரைய ஆரம்பித்திருந்தேன். கதவு ஒன்று கழன்று சாய்ந்து கிடக்கும், உள்ளே சீட்டின் கிழிசல் தெரியும், அதற்குள் இருட்டு. நல்ல இருட்டு. பென்சிலில் போட்டு முடித்து நிமிர்ந்தால் இவள் வந்து காருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

"எறங்கு, எறங்கு. உள்ள ஆள் இருந்தா நல்லா இருக்காது."

"சித்த நேரமுங்க. காலு நிக்க மாட்டேங்குது."

"ஊட்டுக்குள்ள போய்ப் படுக்கறது."

"அத்தன தூரம் நடக்கோணுமேங்க."

அத்தனை தூரம் என்ன, ஐம்பது அடி இருக்கும். எனக்குக் கோபம்தான். ஆனால் பார்த்தேன், அந்த இருட்டுக்குள் அவள் முகம் தனியாகத் தெரிந்தது. விளக்கு வைத்த மாதிரி. சரி, இதையும் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அப்ப அசையாம உக்காரு" என்றேன்.

ஒன்பது நாள் உட்கார்ந்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு வெளிச்சம் ஒரே மாதிரி வரும், அந்த நேரத்துக்குத் தினமும் சொல்லாமலே வந்து ஏறிக்கொள்வாள். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் அப்படி எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியைப் பார்க்காதவனாம் நான்.

என்ன, அவளுக்குச் சும்மா இருக்க வராது. முழங்கையைச் சொறிவாள், கழுத்தைச் சொறிவாள். அதட்டுவேன். "நமநமங்குதுங்க" என்பாள். மஞ்சள் தூசி பட்டால் அரிக்கத்தானே செய்யும், களத்தில் எல்லோருக்கும் அரித்தது. மற்றபடி அவளைப் போல் ஓர் ஆள் வரைவதற்குக் கிடைக்காது. அந்த வருஷம் ரவிக்கை தொளதொளவென்று இருந்தது, மடிப்புகள் அவ்வளவு அழகாக விழும். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக்கொள்ளும். அது எனக்கு வசதி, மணிக்கட்டில் நிழல் சுத்தமாக வந்தது. சோறு கொண்டுவருவாள், பாதிக்கு மேல் என் தட்டில் போட்டுவிடுவாள். "எனக்குப் பசிக்கலீங்க" என்பாள். அந்த மாசியில் நான் இரண்டு கிலோ ஏறினேன். ஈரோட்டுக்குத் திரும்பி எடை பார்த்தபோது தெரிந்தது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ மஞ்சள் ட்யூப் காய்ந்து கல்லாகிவிட்டது. கோபிக்குப் போய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். காருக்குள்ளிருந்தே சிரித்தாள்.

"களம் பூரா மஞ்சக் கெடக்குது, நீங்க மஞ்சளுக்குக் கோபிக்குப் போறீங்களா?"

விரலி மஞ்சள் ஒன்றை எடுத்து, கல்லில் தண்ணீர் விட்டு அவளே உரசி, தேங்காய்த் தொட்டியில் வழித்துக் கொடுத்தாள். வேலம்பிசினைக் கரைத்துக் கலந்தேன். கடை நிறத்தைவிட நன்றாகத் தாளில் ஏறியது. முகம், கழுத்து எல்லாம் அதுதான். வெயிலில் வைத்தால் போய்விடும் என்று அவள்தான் சொன்னாள். சேலையில் பட்ட மஞ்சளை எப்படிப் போக்குவது என்று அவளுக்குத் தெரியாதா?

அன்றைக்குத்தான் மாராயி ஏதோ எடுக்க வந்தவள் குனிந்து காருக்குள் பார்த்தாள். "அக்கா, உங்க கண்ணு ஒரு தினுசா இருக்குதுங்" என்றாள்.

"மஞ்சக் களத்துல நின்னா வேற எப்படி இருக்கும்? போய் அடுப்பப் பாருடி."

நானும் சிரித்தேன். சரியான பதில்தானே அது?

பங்குனியில் ஈரோட்டுக்கு வந்துவிட்டோம். அப்புறம் அவள் அதிகம் எழுந்து நடமாடவில்லை. களத்து வேலை அலுப்பு என்று நினைத்தேன். ஏப்ரல் கடைசியில் சென்னியப்பன் மஞ்சள் விற்ற கையோடு எங்களைப் பார்க்க வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னக்கா இது?" என்றான். என் பக்கம் திரும்பி, "என்ன மாமா இது?" என்றான்.

அன்றைக்கே கோயமுத்தூர் கொண்டுபோனோம். பெரிய டாக்டர் அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "எத்தன நாளா கண்ணு இப்படி இருக்குது?" என்று கேட்டார். சென்னியப்பன் என்னைப் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். தெய்வானை மட்டும் பார்க்கவில்லை, விரிப்பில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கவனிக்கலீங்க" என்றேன்.

வேறு என்ன சொல்வது? பித்தம் இறங்குகிற குழாயில் கட்டி, அடைத்துக்கொண்டது என்றார்கள். இரண்டு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்கலாம், இப்போது பரவிவிட்டது என்றார். இரண்டு மாதம் என்பதை இரண்டு தடவை சொன்னார். ஆடியில் போய்விட்டாள்.

போகட்டும். கருமாதிக்கு வருகிறேன்.

ஊஞ்சக்காட்டில் வைத்துத்தான் செய்தோம். இலை போட்டாயிற்று. எனக்குப் பக்கத்தில் என் பெரியம்மா மகன், எதிரே அவர்கள் பங்காளிகள். அதில் ஒருத்தர் சும்மா இருக்காமல், "பொழுது போக்குக்குப் படம் இருக்குது மாப்பிள்ளைக்கு, சமாளிச்சுக்குவாரு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த சென்னியப்பன் அப்படியே நின்றான்.

"படமா? அந்தத் துருப்புடிச்ச காரப் பாத்த கண்ணுல எங்கக்காவ ஒரு நாள், ஒரே ஒரு நாள் பாத்திருந்தார்னா அவ செத்திருக்க மாட்டா. பாக்கவே இல்லீங்க இந்த ஆளு. அவளப் பாக்கவே இல்ல."

மாமா என்று கூப்பிட்ட வாயால் இந்த ஆளு என்றான். ஒருத்தரும் "சும்மா இருப்பா" என்று சொல்லவில்லை. யாரோ அப்பளத்தை நொறுக்கினார்கள், அந்தச் சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்க் கை கழுவினேன். திரும்பிப் பந்திக்குப் போகவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

நாலாவது நாள் மைதிலி போன் பண்ணி அழுதாள். அவளுடைய அப்பன் காஸ் கட்டர் வைத்து அந்த அம்பாசிடரைத் துண்டு துண்டாக அறுத்து, காயலாங்கடை லாரியில் ஏற்றிவிட்டானாம். மாமனார் வாங்கின கார். யாரையும் கேட்கவில்லை.

நியாயமாகச் சொல்லுங்கள் தம்பி. அவனும்தானே அந்தக் களத்தில் இருந்தான்? காலையிலும் சாயங்காலமும் அவள் கையால்தானே சாப்பிட்டான்? அவனுக்குத் தெரிந்ததா? மாராயிக்குத் தெரிந்ததைக்கூட அவன் சொல்லவில்லை. தன்மேல் கிடந்ததைத் தூக்கி என்மேல் போட்டுவிட்டு, காரை அறுத்தான். நாலு வருஷமாக இதைத்தான் யோசிக்கிறேன். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட, பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொள்வார்கள். பொண்டாட்டியைப் பார்க்காத மனுஷன். படம் வரைகிறவர். அப்புறம் நான் எங்கேயும் போவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் வீடு மாறினேன். டிரங்குப் பெட்டியின் அடியில் இந்தப் படம். போட்டு வைத்தது நான்தான், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வாரம். அப்புறம் திறக்கவில்லை. எடுத்துப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி. புருவத்தில் மூன்று நரை இருக்கிறது. காதுத்துளை இழுபட்டு நீண்டிருக்கிறது. இடது கன்னத்தில் கொப்பரை நீர் தெறித்த பொட்டுத் தழும்பு. ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்பது நாள் பார்த்திருக்கிறேன். பார்க்காதவன் எப்படி வரைவான்? இதைக் கொண்டுபோய் அத்தனை பேர் நடுவில் அவன் முன்னால் வைத்து, "இப்பச் சொல்லு மாப்ளே, பாத்தனா பாக்கலியா?" என்று கேட்க வேண்டும். சொன்ன சொல்லை அவன் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் எனக்கு. மைதிலியும் கூப்பிட்டுவிட்டாள், "அத்தைதான் இல்ல, நீங்களாச்சும் வாங்க மாமா" என்று.

சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் நசீர், தெரிந்த ஆள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, அம்மாவுக்குக் காமாலை வந்தப்ப வரைஞ்சதுங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"அது மஞ்சக் களமுங்க. மஞ்சள் குவியல்ல வெயில் பட்டா எதுத்தாப்புல இருக்கற எல்லாத்துலயும் அந்த நெறம் ஏறும்" என்றேன்.

"எங்க வாப்பாவுக்கு வந்தப்ப இதே கண்ணுங்க" என்றார்.

சட்டம் போடுகிறவர் சட்டத்தைப் பார்த்தால் போதாதா? படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வைத்து, நனைந்த தூரிகையால் கண் இரண்டிலும் தொட்டுத் தொட்டு அந்த மஞ்சளை எடுக்கப் பார்த்தேன். அவர் சொன்னதற்காக இல்லை. பார்க்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று. தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியதுதான் மிச்சம். மஞ்சள் கறை தண்ணீருக்குப் போகுமா? மொட்டை மாடியில் ஒரு மாதம் வெயிலில் வைத்தால் போய்விடும், வெறும் தாளாகிவிடும். எனக்குத் தெரியாதா? வைக்கவில்லை. உத்தேச ரீடிங் எழுதாதவன் நான். அப்படியே கொண்டுபோய் நசீரிடமே கொடுத்து, பேசாமல் கண்ணாடி போடுங்கள் என்றேன்.

பிரித்துக் காட்டுகிறேன். நீங்கள் படித்தவர், வெளியாள். சொந்தபந்தம் யாரும் இல்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். துணி மேல் கட்டின இந்த நூலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரைப் பாருங்கள். மட்கார்டில் பாருங்கள், ஏழு நிறம் இருக்கிறதா? கதவு சாய்ந்திருக்கிற கனம் தெரிகிறதா? அந்தக் கிழிசல் சீட்டில் தேங்காய் நார் வெளியே வந்திருக்கிறது பாருங்கள். சரி. இப்போது அவளைப் பாருங்கள்.

சிரிக்கிறாள் இல்லையா? நான் சிரிக்கச் சொல்லவில்லை. அவளாகச் சிரித்தது. மஞ்சளுக்குக் கோபிக்குப் போறீங்களா என்று கேட்ட சிரிப்பு.

நீங்களும் கண்ணைத்தான் பார்க்கிறீர்கள். அதான் சொன்னேனே, எதிரே மஞ்சள் குவியல். வெயில் அதில் பட்டு...

என்ன? பல்லா?

பல் வெள்ளை. ஆமாம், வெறும் தாள், விட்டுவைத்தது. காதோரத்து நரையும் வெறும் தாள்தான். ரவிக்கைக் கை ஓரம், ஆமாம், அதுவும் வெள்ளை. குவியல் வெளிச்சம் கண்ணில் ஏறினால் பல்லில் ஏறாதா என்கிறீர்கள். அது... பல்லில் மஞ்சள் இல்லை தம்பி. இல்லாததை நான் போட மாட்டேன்.

இல்லாததை நான் போட மாட்டேன்.

மூலையில் என்ன தேதி என்று பார்க்கிறீர்களா? பிப்ரவரி இருபத்திநாலு. என் கையெழுத்துதான். நீங்கள் விரல் விட்டு எண்ண வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனது ஏப்ரல் கடைசி. நான் எண்ணிவிட்டேன். நசீர் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியிலேயே எண்ணிவிட்டேன்.

முகத்துக்கு இரண்டு தடவை பூசினேன். கண்ணுக்கு ஒரு தடவை, தண்ணீர் அதிகம் விட்டு, இளசாக. அந்தத் தேங்காய்த் தொட்டியை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். "செரியா வருதுங்களா?" என்று கேட்டாள். "அசையாத" என்றேன். கண்ணைச் சிமிட்டாமல் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம். அந்தக் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போடலாமா, போதுமா என்று... சரியாக வந்தது. சரியாக வந்தது என்று அவளிடம் சொன்னேன்.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். பிரிவுதான் இது. அந்த வாழைமரம் கட்டின வளைவு தெரிகிறதே, அந்த வழியாக உள்ளே போனால் நாலாவது தோட்டம்.

"ஏனுங் பெரியவரே, ஊஞ்சக்காடு கேட்டீங்களே, எறங்கலீங்களா?"

இல்லீங்க. சத்தி வரைக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க.

போகட்டும் தம்பி. மைதிலி தேடுவாள். அப்புறம் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம், உடம்பு சரியில்லை என்று. சென்னியப்பன் என்ன சொன்னான்? பார்க்கவே இல்லை என்றான். இருபது பேர் நம்பினார்கள். நாலு வருஷமாக நம்புகிறார்கள். நம்பட்டும். பார்க்காத மனுஷன் என்றே இருந்துவிட்டுப் போகிறேன். இதைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தால், அவனும் நீங்கள் பார்த்த இடத்தைத்தான் பார்ப்பான். அப்புறம் மூலையைப் பார்ப்பான்.

ரோடு திரும்புகிறது. சொன்னேன் இல்லையா, வெயில் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

வேண்டாம் தம்பி, ஷட்டரை இறக்க வேண்டாம். அந்தத் துணியும் இருக்கட்டும். இப்படியே என் மடியில் கொஞ்ச நேரம் வெயிலில் இருக்கட்டும்.